அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்ல எண்டு எழுதின தம்பிக்கு

தம்பி, நீர் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். ஊர் சாவகச்சேரிப் பக்கம், மனிசியும் 4 வயசுப் பிள்ளையும் அம்மாவும் அங்க, காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர போராட்டங்களுக்குப் போய் வந்ததால பயங்கரவாத விசாரணைப் பொலிசான ரிஐடிக்காரர் ரெண்டு தரம் வீட்ட வந்து விசாரிச்சவை, நீர் விசிற்றர் விசாவில கனடாவுக்கு வந்து இறங்கி இப்ப 7 மாசம், அகதிக் கேஸ் போட்டாச்சு, ஆனா அம்மாவுக்கு மட்டும் மச்சாளின்ர கலியாணத்துக்குப் போறன் திரும்பி வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறீர், அவ ஒவ்வொரு நாளும் நல்லூர்க் கொடியேத்தத்துக்கு முதல் வந்திடுவாய் தானே எண்டு கேக்கிறா, நீர் லைன் கிளியர் இல்லை எண்டு போனை வைக்கிறீர். குடும்பத்தை எப்ப கூப்பிடலாம், அம்மாவுக்கு ஏதும் எண்டால் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரலாமோ, இந்த மனக்குத்தல் எப்ப போகும் எண்டு மூண்டு கேள்வி. கடைசியில, அம்மாவுக்குச் சொல்லட்டோ விடட்டோ எண்டு சும்மா ஒரு வரி. எனக்கு அந்தக் கடைசி வரி தான் உம்மட முதல் கேள்வி எண்டு படுது.

சரி, பேப்பர் விசயத்தை முதல் முடிப்பம். நான் லோயர் இல்லை, 30 வருசமா ஸ்காபரோவில இருக்கிறதால எத்தினையோ பேரின்ர கேசுகளோட அலைஞ்சவன், அவ்வளவு தான். உம்மட கேஸ் சரிவந்தால் பிஆர் எண்டுற நிரந்தர வதிவிடத்துக்குப் போடேக்க மனிசியையும் பிள்ளையையும் அதே விண்ணப்பத்தில சேர்த்துப் போடலாம், அவை ஊரில இருந்தாலும். அம்மாவைப் போடேலாது, சகோதரங்களையும் ஏலாது. அம்மாவுக்கு நீர் பிஆர் எடுத்தாப்பிறகு சுப்பர் விசா எண்டு ஒண்டு இருக்கு, ஒருக்கா வந்தால் 5 வருசம் வரைக்கும் நிக்கலாம், ஆனா நீர் வருமானம் காட்டோணும், அவவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கோணும். எவ்வளவு காலம் எண்டு கேட்டால், ஹியரிங் எண்டுற கேஸ் விசாரணை, பேந்து பிஆர், பேந்து அவையின்ர மெடிக்கல் எண்டு வருசக் கணக்கு. மாசக் கணக்குச் சொல்லுறவன் ஆரோ அவன் உம்மட்டக் காசு வாங்கப் போறான்.

ஒண்டு மட்டும் வடிவாக் கேளும். எந்தப் ஃபோம் நிரப்பினாலும் மனிசியின்ர பேர், பிள்ளையின்ர பேர், பிறந்த திகதி எல்லாம் எழுதும். என்னோட ஒரே பேஸ்மென்ரில இருந்த ஒருத்தருக்கு ஆரோ ஒரு புத்திசாலி தனி ஆள் எண்டு போட்டால் கேஸ் லேசா முடியும் எண்டு சொல்லிக் குடுத்து, மனிசன் கலியாணம் கட்டேல்ல எண்டு எழுதிப்போட்டார். பேப்பரில இல்லாத மனிசியைப் பிறகு ஸ்பொன்சர் செய்யப் போக, நீ அப்ப இவவைக் காட்டேல்லையே எண்டு மறிச்சுப் போட்டினம். சட்டத்திலயே அப்பிடி இருக்கு. அந்த மனிசி பட்ட பாட்டை எழுத வெளிக்கிட்டால் இந்தப் பதில் முடியாது. அதே மாதிரி ட்ரான்ஸ்லேற்றர், கேஸ் எழுதித் தாறவர் எண்டு வாற ஆக்கள் உம்மட கதை காணாது கொஞ்சம் காரம் போடுவம் எண்டு சொல்லுவினம், விடாதேயும். உமக்கு நடந்ததே காணும். ஒன்ராறியோவில அகதிக் கேசுக்கு லீகல் எயிட் இருக்கு, வருமானம் இல்லாத ஆள் எண்டால் அதில லோயர் பிடிக்கலாம்.

ஊருக்குப் போய்ப் பாத்திட்டு வாறதோ? ஏலாது தம்பி. மனசைக் கல்லாக்கிக் கொண்டு தான் எழுதுறன். கேஸ் முடிய முதல் ஊருக்குப் போனால் கேஸ் அந்த இடத்திலயே முடிஞ்சுது, பாஸ்போட்டும் இப்ப இமிகிரேசன்காரரிட்டத் தானே கிடக்குது. கேஸ் வெண்டு பிஆர் எடுத்தாப்பிறகும் சிற்றிசன் ஆகுமட்டும் போகாதேயும். 2012 இல சட்டத்தை மாத்திப் போட்டினம், அகதி எண்டு பாதுகாப்பு எடுத்தவன் அதே நாட்டுக்குத் திரும்பிப் போனால், அந்த நாட்டுப் பாஸ்போட்டைப் புதுப்பிச்சாலும் கூட, உனக்கு இனி ஆபத்து இல்லைத் தானே எண்டு அகதி நிலையைப் பறிக்கலாம், அதோட பிஆரும் போயிடும். அம்மா ஆசுப்பத்திரியில எண்டு போனாலும் அந்த ஆபத்து இருக்கு. கேஸ் சரிவந்தால் கனடாக்காரரிட்ட அகதிப் பயணப் பத்திரம் எடுக்கலாம், அது இலங்கைக்குச் செல்லாது, ஆனா சில பேர் அதில வேற நாட்டுக்குப் போய் அங்க தாய் தேப்பனைச் சந்திச்சவை, விசா கிடைச்சால்.

இப்ப அம்மா விசயத்துக்கு வாறன்.

நான் வெளிக்கிட்டது 1993 ஆவணி. பிரேமதாசா குண்டு வெடிச்சுச் செத்த வருசம், கொழும்பில தமிழ்ப் பெடியளைக் கண்ட இடத்தில அள்ளிக் கொண்டிருந்த நேரம். யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுத் தான் விளக்கு, சைக்கிளைக் கவிட்டு வச்சுச் சில்லைச் சுத்தி டைனமோவில ரேடியோவில செய்தி கேக்கிறது, உமக்கு இதெல்லாம் அம்மா சொல்லியிருப்பா. ஆனையிறவுப் பாதை பூட்டு, கிளாலியால இரவில வள்ளத்தில தான் கடக்கோணும், நேவி வந்தால் கடலிலயே சரி. வெளிய போறதுக்கு இயக்கத்திட்டப் பாஸ் எடுக்கோணும், பாசுக்கு ஒராள் பிணை நிக்கோணும். எனக்கு அப்பா பிணை நிண்டார். ஒரு மாசத்தில திரும்பி வருவார் எண்டு அந்த மனிசன் கையெழுத்து வச்சவர். அம்மாவுக்கு நான் சொன்னது கொழும்பில ஒரு வேலைக்கு இன்ரவியூ எண்டு. அவ ஓம் ஓம் எண்டு கேட்டுப்போட்டு அண்டு இரவு என்ர களிசான் மடிப்பைப் பிரிச்சுத் தன்ர மோதிரத்தை உள்ளுக்கு வச்சுத் தைச்சுத் தந்தவ. இன்ரவியூவுக்குப் போறவனுக்கு ஏன் மோதிரம்? அந்த நேரம் எனக்கு இது ஓடேல்ல, கொழும்பு லொட்ஜில படுத்திருக்கேக்கையும் ஓடேல்ல, இஞ்ச வந்து கனகாலத்துக்குப் பிறகு தான் ஓடினது. உம்மட அம்மாவும் கலியாண வீடு 7 மாசம் நடக்குது எண்டு நம்பிக் கொண்டிருக்கிறா எண்டு நினைக்கிறீரோ?

ஏஜென்சி, வழி எல்லாம் விடும், உமக்கு அது தேவையில்லை. 1994 இல ரொறன்ரோவில இறங்கினன். இரவில ஒரு ரெஸ்ரோரன்ரில கோப்பை கழுவுறது, பகலில நித்திரை. வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேர மாசக் கணக்கு. 1995 ஐப்பசி 30, வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டது, எங்கட வீடு கொக்குவில், அம்மா, அப்பா, தங்கச்சி மூண்டு பேரும் மழைக்குள்ள லட்சக் கணக்கான சனத்தோட நாவற்குழிப் பாலத்தால நடந்து கொடிகாமத்தில ஒரு பள்ளிக்கூடத்தில போய் இருந்தவை. அப்பா அங்க மார்கழி மாசம் செத்துப் போனார். எனக்குத் தெரிய வந்தது மாசி மாசம். கொழும்புக்கு வந்த ஒரு சொந்தக்காரர் கோல் எடுத்து, எல்லாம் முடிஞ்சுது தம்பி, 31 ஆம் நாள் சடங்கும் செய்தாச்சு எண்டார். ஏன் முதலே சொல்லேல்ல எண்டு கத்தினன். அம்மா தான் மறிச்சவவாம், தை மாசம் பிள்ளைக்கு ஹியரிங் எண்டு எழுதினவன், முடியட்டும் எண்டு. ஹியரிங்கில கேஸ் விசாரிச்ச ஆள் என்னைக் கேட்டது, உம்மட குடும்பம் இப்ப எங்க இருக்கு எண்டு. அப்பா அம்மா தங்கச்சி மூண்டு பேரும் இடம்பெயர்ந்து இருக்கினம் எண்டு சத்தியம் பண்ணிச் சொன்னனான்.

சரி, இனி நான் விட்ட புளுகு. பிஆருக்கு, அப்ப லாண்டட் எண்டுறது, ஆளுக்கு 975 டொலர் கட்டோணும், பிறகு 2000 ஆம் ஆண்டு அகதிகளுக்கு அதை எடுத்துப் போட்டினம், எனக்குப் பிந்திப் போச்சு. அந்தக் காசைக் கடன் மாறிக் கட்டி முடிச்ச 1997 இல, அம்மாவுக்கு ஒரு படம் அனுப்புவம் எண்டு ரோட்டில நிண்ட ஆரோ ஒருத்தற்ற கம்றியில கையை ஊண்டிக் கொண்டு ஒரு படம் எடுத்தன். கார் என்னுடையது எண்டு எழுதேல்ல. இல்லை எண்டும் எழுதேல்ல. அம்மா அதைக் கண்ணாடி போட்டு விறாந்தையில மாட்டிப் போட்டா. 1999 இல தங்கச்சிக்குக் கலியாணம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் அந்தப் படத்துக்குக் கீழ இருந்து தான் தேத்தண்ணி குடிச்சவை, குடிச்சுப்போட்டு, அண்ணன் கனடாவில வசதியா இருக்கிறார் தானே எண்டு டொனேசனா, மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்கிற காசா மட்டும் 10 லட்சம் கேட்டவை. அம்மாவுக்கு அது பெரிசாத் தெரியேல்ல, கார் வச்சிருக்கிற பிள்ளைக்கு இது என்ன காசு எண்டு ஓம்பட்டுப் போட்டா. நான் பஸ்ஸில போய் வாற ஆள். ரெண்டு சீட்டு முதலாம் மாசமே கழிவு கூடக் கேட்டு எடுத்து, விடிய பக்டரி, பின்னேரம் ரெஸ்ரோரன்ற் எண்டு மூண்டு வருசம் அந்தக் காருக்கு மாரடிச்சனான். தங்கச்சியின்ர மனிசன் நல்ல மனிசன் எண்டது வேற கதை, டொனேசன் வாங்கினது தாய் தேப்பன் தான் எண்டு இண்டைக்கும் சொல்லுவார்.

2002 இல சமாதானம் வந்து யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 ரோட்டுத் திறந்தாப்பிறகு, சிற்றிசன்ஷிப் எடுத்த கையோட 2003 இல போனன். ஓமந்தை, முகமாலை ரெண்டு செக்பொயின்ரிலயும் இறங்கி ஏறிப் போய்ச் சேர மத்தியானம். அம்மா படலைக்கு வரேல்ல. விறாந்தைக் கதிரையில இருந்து கொண்டு வா அப்பன் எண்டா. ஏன் எழும்பேல்ல எண்டு பாத்தால், வலது கால் பெருவிரல் இல்லை. சீனி வருத்தம், விரலை எடுத்து ரெண்டு வருசம். ரெண்டு வருசமும் ஒவ்வொரு கிழமையும் ரெலிபோனில கதைச்சனான் தம்பி. சுகமா இருக்கிறியளோ எண்டால் எனக்கென்ன குறை எண்டு தான் சொல்லுவா. என்ர படம் கண்ணாடிக்குள்ள நேர மேல தொங்குது. அண்டு இரவு நான் அந்தக் காரின்ர கதையைச் சொன்னன், அவ விரலின்ர கதையைச் சொன்னா, ஆசுப்பத்திரிக்குப் போகக் காசை மிச்சம் பிடிச்சு ஆயுர்வேதம் எண்டு எண்ணெய் பூசிக் கொண்டிருந்ததாலயாம் பழுதாகினது, உனக்கு எழுதினால் நீ காரை வித்துப்போட்டு அனுப்புவாய் எண்டு பயந்தனான் எண்டா. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்திட்டுது. பிறகு 2006 இல பாதையைத் திரும்பப் பூட்டினாங்கள், அடுத்த வருசம் அம்மா போகேக்க நான் இஞ்ச. செத்தவீடு சீடியில பாத்தன். ஆனா அந்த 2003 க்குப் பிறகு நாங்கள் கதைச்ச நாலு வருசமும் நல்ல கதை. சீனி எவ்வளவு எண்டு நம்பரோட சொல்லுவா. எனக்கு வேலை நிண்டால் நிண்டுது எண்டு சொல்லுவன், அவ பொறு பாப்பம் எண்டுவா.

அதால, சொல்லும். மனிசியோட முதல் கதைச்சு, ஒரு நாள் பாத்து, மனிசியைப் பக்கத்தில இருக்கச் சொல்லிப்போட்டுச் சொல்லும். அவ அழுவா, பேசுவா, ரெண்டு நாள் கதையாமலும் இருப்பா. ஆனா தெரிஞ்சால் தான் அவ தன்ர பாட்டை ஒழுங்கு பண்ணுவா, கிளினிக்குக்கு ஆரோட போறது, வீட்டு உறுதியை எங்க வைக்கிறது, ரிஐடிக்காரர் மூண்டாந்தரம் வந்தால் என்ன சொல்லுறது. இப்ப அந்தப் பயம் முழுக்க உம்மட மனிசியின்ர தலையில, மாமியாருக்கு மறைக்கிற பாரமும் சேத்து. ஒரே வீட்டுக்குள்ள அது எவ்வளவு கஸ்டம் எண்டு யோசிச்சுப் பாத்தீரோ? கேஸ் விபரம், நீர் என்ன சொல்லி எழுதினது எண்டதெல்லாம் போனில கதைக்க வேண்டாம், திரும்பி வரேலாது, இஞ்ச இருக்கப் போறன் எண்டது காணும். மனிசிக்கு உம்மட சம்பளம், வாடகை எல்லாம் சதக் கணக்கில சொல்லும், சொன்னால் தான் அவவும் அங்கத்தச் செலவைச் சொல்லுவா. பிள்ளையோட வீடியோவில கதைக்கேக்க அப்பாவில பாசமோ எண்டு கேட்டு வதைக்காதேயும், 4 வயசுக்கு என்ன தெரியும், கோழிக்கு அரிசி போடுறதைக் காட்டச் சொல்லும், நீர் சும்மா பாத்துக் கொண்டிரும்.

மனக்குத்தல் எப்ப போகும் எண்டு கேட்டனீர். எனக்குப் போகேல்ல. ஐப்பசி மழையில ரோட்டில தண்ணி நிண்டால் இப்பவும் நாவற்குழிப் பாலம் தான் வருது, அந்தப் பாலத்தில நான் நிக்கவும் இல்லை. வேலைக்குப் போவன், வந்து சமைப்பன், அதுவும் ஒரு பக்கத்தில இருக்கும்.

குளிர் காலத்தில எங்களுக்கும் ஊருக்கும் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். இஞ்ச பின்னேரம் 7 மணிக்கு எடுத்தீர் எண்டால் அங்க விடிய அஞ்சரை, அம்மா எழும்பி முத்தம் கூட்டப் போற நேரம், வீட்டில வேற சனம் இராது. வெளிய கார் பார்க்கில நிண்டு எடுக்காதேயும், பேஸ்மென்ரில இருந்தே எடும், படுக்கிற மெத்தையைக் காட்டும், அந்தச் சின்ன ஜன்னலையும் காட்டும். அவ முதல் கேக்கப் போறது சாப்பிட்டியோ எண்டு தான். சோறு கறி எண்டு அளக்காமல், பாணும் முட்டையும் எண்டே சொல்லும்.