ஆபீஸ் பூட்டியிருந்தது, வெளிநாட்டுக்குப் பேசியது யார்?

கேள்வி: எங்கள் ஆபீஸில் 40 எக்ஸ்டென்ஷன் (உள் ஃபோன்), ஆஸ்டரிஸ்க் என்கிற சாஃப்ட்வேர் போட்ட பிபிஎக்ஸ் (ஆபீஸ் ஃபோன் எக்ஸ்சேஞ்ச்). சனி, ஞாயிறு ஆபீஸ் பூட்டிக் கிடந்தபோது வெளிநாட்டு எண்களுக்கு விடிய விடிய அழைப்புகள் போயிருக்கின்றன. கேமராவில் பார்த்துவிட்டோம், உள்ளே ஒருவரும் வரவில்லை. அப்புறம் பேசியது யார்?

பதில்: யாரும் பேசியிருக்க மாட்டார்கள், ஒரு புரோகிராம் டயல் செய்திருக்கும். கட்டணம் அதிகமுள்ள வெளிநாட்டு எண்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, மாட்டிய பிபிஎக்ஸிலிருந்தெல்லாம் அவற்றுக்கு அழைப்பு போட்டு, ஓடுகிற நிமிடத்துக்கு ஏற்ப வருமானத்தில் பங்கு வாங்குகிற கூட்டம் இது. திங்கள் காலை வரை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் விடுமுறை நாளாகப் பார்த்து இறங்குகிறார்கள்.

முதல் வேலை, இணைப்பு தரும் நிறுவனத்தைக் கூப்பிட்டு உங்கள் டிரங்கில் (பிபிஎக்ஸிலிருந்து வெளியே போகிற லைனில்) வெளிநாட்டு அழைப்பையே நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் ரெக்கார்டை எடுங்கள். மாஸ்டர் டாட் சிஎஸ்வி என்ற ஃபைலில் அழைப்புக்கு ஒரு வரி இருக்கும். அதில் சேனல் என்கிற இடத்தில் 204 மாதிரி உங்கள் எக்ஸ்டென்ஷன் எண்ணே இருந்தால், அதன் பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது. ஃபோன்கள் பிபிஎக்ஸைத் தொடர்புகொள்கிற 5060 போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால் 100, 101, 200 என்று வரிசையாக எண்களைப் போட்டுப் பார்க்கிற புரோகிராம்கள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும், அதிலும் எக்ஸ்டென்ஷன் 204, பாஸ்வேர்டும் 204 என்று வைத்திருந்தால் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

அதே இடத்தில் முன்பின் தெரியாத ஐபி முகவரி இருந்தால் விஷயம் வேறு. பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டிருக்கிறீர்கள். ஆஸ்டரிஸ்க்கில் ஃபோன்களைக் கையாள்கிற பழைய பகுதியான சான்சிப்பில், தெரியாதவர்களை உள்ளே விடலாமா என்று சொல்கிற அலவ்கெஸ்ட் என்பதை நாமாக ‘நோ’ என்று மாற்றாதவரை அது ‘யெஸ்’தான். அப்படி வருகிற அழைப்பு பொதுவான கான்டெக்ஸ்டில் (எந்தெந்த எண்ணுக்குப் பேசலாம் என்கிற விதித் தொகுப்பில்) போய் விழும், வெளியே போகிற ரூட்டை யாரோ ஒருவர் அவசரத்துக்கு அங்கே இன்க்ளூட் செய்து வைத்திருந்தால் அந்த வழியாக உலகம் முழுக்கப் பேசலாம். வெளியிலிருந்து வருகிற எந்த அழைப்பும் வெளியே போகிற ரூட்டைப் பார்க்கவே கூடாது. சான்சிப் ஆஸ்டரிஸ்க்கின் 21-ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வந்த பிஜேசிப்புக்கு மாறிவிடுங்கள், அதில் யாரென்று தெரியாதவர்களுக்கான வழியை நாமாகத் திறந்தால்தான் உண்டு.

கேள்வி: மானேஜருக்கு மட்டும் வெளிநாடு, மற்றவர்களுக்கு உள்நாடு. அதற்காக 00 என்று தொடங்கும் எண்களைத் தடுத்து வைத்திருக்கிறோம். போதுமா?

பதில்: போதாது. 00-க்குப் பதில் ப்ளஸ் போட்டு டயல் செய்தால் என்ன ஆகிறது என்று இப்போதே ஒரு ஃபோனில் முயன்று பாருங்கள். நாட்டுக்கு நாடு சிக்கலும் வேறுபடும். அமெரிக்கா, கனடா, ஜமைக்கா எல்லாவற்றுக்கும் நாட்டுக் குறியீடு 1 தான், அதனால் அங்கே உள்ள ஆபீஸில் ஜமைக்காவின் 876 பார்ப்பதற்குப் பக்கத்து மாநில எண் மாதிரியே இருக்கும், 00 தடையோ, அங்கே வெளிநாட்டுக்கு முன்னால் போடுகிற 011 தடையோ அதைப் பிடிக்காது.

தடுக்க வேண்டியதைப் பட்டியல் போடாதீர்கள், அனுமதிப்பதைப் பட்டியல் போடுங்கள். இன்டர்காம் மட்டும், உள்ளூர், உள்நாடு, வெளிநாடு என்று நான்கு கான்டெக்ஸ்ட். வெளிநாடு உள்நாட்டையும், உள்நாடு உள்ளூரையும், உள்ளூர் இன்டர்காமையும் இன்க்ளூட் செய்யட்டும், இதற்கு எதிர்த்திசையில் ஒருபோதும் வேண்டாம். வெளிநாட்டிலும் நீங்கள் வியாபாரம் செய்யும் நாடுகளின் குறியீடுகள் மட்டும். சிஸ்கோ நிறுவனத்தின் பிபிஎக்ஸில் இதையே பார்ட்டிஷன், காலிங் சர்ச் ஸ்பேஸ் என்பார்கள்: பார்ட்டிஷன் பூட்டு, மற்றது சாவிக்கொத்து. வரவேற்பறை ஃபோனுக்கு இன்டர்காம் போதும், ஆனால் அவசர உதவி எண் மட்டும் எல்லா ஃபோனிலிருந்தும் போயாக வேண்டும், அதில் சிக்கனமே கூடாது.

பலரும் கோட்டைவிடுவது ஃபார்வர்டில். மானேஜர் ஃபோனை ஒரு வெளிநாட்டு எண்ணுக்கு ஃபார்வர்டு செய்து வைத்தால், அவரை இன்டர்காமில் கூப்பிடுகிற வரவேற்பறை ஃபோன்கூட வெளிநாட்டுக்குப் போய்விடும். ஃபார்வர்டு செய்வதற்கான அனுமதியைத் தனியாக, உள்நாட்டோடு நிறுத்துங்கள். வெளியிலிருந்து வந்த அழைப்பை வெளியே இன்னொரு எண்ணுக்கு டிரான்ஸ்ஃபர் செய்வதையும் தேவையில்லாதவர்களுக்கு மூடிவிடுங்கள்.

கேள்வி: எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, டிஎல்எஸ்ஸும் போட்டுவிட்டோம். இனி பயமில்லையே?

பதில்: அழைப்புத் தகவலை மறையாக்குகிற டிஎல்எஸ், குரலை மறையாக்குகிற எஸ்ஆர்டிபி இரண்டும் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கும், நல்லதுதான். ஆனால் திருடிய பாஸ்வேர்டோடு வருகிறவன் அந்த டிஎல்எஸ் வழியாகவே பேசுவான். பாஸ்வேர்டு எங்கிருந்து கசிந்தது என்று பாருங்கள். ஃபோன்கள் தங்கள் செட்டிங்கை எடுத்துக்கொள்கிற டிஎஃப்டிபி சர்வர் பாஸ்வேர்டே கேட்காது, அந்த ஃபைலுக்குள் எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தில் கிடக்கும். அது இணையத்திலிருந்து எட்டுகிற இடத்தில் இருந்தால் இன்று மாற்றிய பாஸ்வேர்டும் நாளைக்குப் போகும். வாய்ஸ்மெயிலில் 1234 பின் எத்தனை பேருக்கு இருக்கிறது, அதற்குள்ளிருந்து வெளியே டயல் செய்ய வழி இருக்கிறதா, யாராவது வைத்த ஃபார்வர்டு இன்னும் அப்படியே நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். டிரங்கில் ஒரே நேரத்தில் எத்தனை வெளி அழைப்பு போகலாம் என்பதற்கும் வரம்பு வையுங்கள், உங்கள் அளவுக்கு வெளிநாட்டுக்கு ஒரே நேரத்தில் 2 அழைப்பு தாராளம்.