சிசேரியன் தேதி நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 30 வயது. இரண்டாவது குழந்தை, இப்போது 36-வது வாரம். நான்கு வருடங்களுக்கு முன் முதல் பிரசவம் அவசர சிசேரியனில் முடிந்தது. முதுகில் ஊசி போட்டும் சரியாக மரத்துப்போகவில்லை. "வலிக்குது, வலிக்குது" என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. கைகளை இரண்டு பக்கமும் கட்டியிருந்தார்கள். இந்த முறையும் சிசேரியன்தான் என்று தேதி குறித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன், நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. மேஜையிலேயே செத்துப்போய் என் மகள் தாயில்லாப் பிள்ளையாகிவிடுவாளோ என்று அழுகிறேன். வீட்டில் சொன்னால், "எல்லாரும் பெத்துக்கலையா?" என்கிறார்கள். எனக்கு முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்ய முடியாதா? என் பயம் குழந்தையைப் பாதிக்குமா? தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த "எல்லாரும் பெத்துக்கலையா?" தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். அக்கா, நாத்தனார், பக்கத்து வீட்டுப் பெண் என்று சுற்றி இருக்கிற எல்லாருக்கும் அந்தத் தழும்பு இருப்பதால், இது காது குத்துகிற மாதிரி ஒரு சின்ன விஷயம் என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். விழித்திருக்கும்போதே வயிற்றைத் திறக்கிற ஆபரேஷன் இது. வேறு எந்தப் பெரிய ஆபரேஷனுக்காவது ஒரு மனிதர் பயந்தால் யாராவது கேலி செய்வார்களா? அதிலும் உங்களுடையது கற்பனைப் பயமே இல்லை. வலித்தது, கத்தினீர்கள், கேட்க ஆள் இல்லை. அதை உங்கள் உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் "பயப்படாதீங்க" என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பயத்தைப் பிரித்துப் பார்ப்போம். உள்ளே நான்கைந்து தனித்தனி பயங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார்.

முதலாவது, வலி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மயக்க மருந்து டாக்டர். நம் ஊரில் பெரும்பாலான பெண்கள் அவரை முதன்முதலாகப் பார்ப்பதே தியேட்டர் மேஜையில்தான். உங்கள் விஷயத்தில் அப்படி நடக்கக் கூடாது. இந்த வாரமே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம், "மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே பார்த்துப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். அரசு மருத்துவமனை என்றாலும் கேட்கலாம், சங்கடப்பட வேண்டாம். போகும்போது போன முறை நடந்ததை ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். பேசும்போது அழுகை வந்தால் தாளை நீட்டிவிடலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அதையும்.

முதுகு ஊசி சில நேரங்களில் முழுதாகப் பிடிக்காது. அவசர சிசேரியனில் நேரம் குறைவு என்பதால் அந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. அதற்காக உங்கள் குரலைக் கேட்காமல் விட்டதை நான் நியாயப்படுத்தவில்லை. அது தவறுதான். திட்டமிட்ட சிசேரியனில் நிலைமை வேறு. ஊசி போட்ட 5 முதல் 10 நிமிடங்களில் கால்கள் கனக்கும், வெதுவெதுப்பாக இருக்கும். பிறகு ஐஸையோ குளிர்ந்த ஸ்பிரேயையோ தொடையிலிருந்து மேலே மார்பு வரை வைத்து வைத்து, "குளிருதா?" என்று கேட்பார்கள். மார்பு மட்டம் வரை குளிர் தெரியாமல் போன பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். போதவில்லை என்றால் காத்திருக்கலாம், ஊசியை மறுபடி போடலாம், கடைசி வழியாக முழு மயக்கமும் இருக்கிறது. "நான் சரி என்று சொல்லும்வரை தொடங்கக் கூடாது, நடுவில் வலித்தால் நிறுத்திக் கவனிக்க வேண்டும்" என்று அவரிடம் வாயாலேயே வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்ட பெண்களிடம் எந்த நல்ல மயக்க மருந்து டாக்டரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஊசி நன்றாகப் பிடித்திருந்தாலும் தொடுவதும் இழுப்பதும் தெரியும். கோணிப்பைக்குள் கைவிட்டுத் துழாவுகிற மாதிரி இருக்கும். குழந்தையை வெளியே எடுக்கும்போது மேல்வயிற்றில் பலமாக அழுத்துவார்கள், யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி சில நொடிகள் திணறும். அது எதிர்பார்க்க வேண்டியது. சுரீர் என்ற கூர்மையான வலி அப்படியல்ல, உடனே சொல்ல வேண்டியது.

சரி, முழு மயக்கமே கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்கலாம், முடியாத காரியம் இல்லை. முதுகு ஊசியை விரும்புவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கர்ப்பிணிக்கு மயக்கத்தில் வயிற்றிலுள்ள அமிலம் மேலேறி நுரையீரலுக்குள் போகிற ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். மூச்சுக்குழாயில் டியூப் போடுவதும் சற்றுச் சிரமம். மருந்து கொஞ்சம் குழந்தைக்கும் போகும், பிறந்ததும் அது மந்தமாக இருக்கலாம். விழித்த பிறகு உங்களுக்கும் வலி கூடுதலாகத் தெரியும். இவ்வளவும் இருந்தாலும், தாங்கவே முடியாத பயம் என்பதும் ஒரு மருத்துவக் காரணம்தான். எல்லாம் பேசிய பிறகும் முடியாது என்று தோன்றினால் அதை அவரிடமே சொல்லுங்கள், இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுங்கள். முழு மயக்கம் என்ற கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததுமே முதுகு ஊசிக்குத் துணிந்தவர்கள் என் அனுபவத்தில் பலர்.

வாழ்நாள் முழுக்க முதுகுவலி வரும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். ஊசி இறங்குவது தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழே. போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். வருடக்கணக்கான முதுகுவலிக்கு இந்த ஊசி காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. குனிந்து குனிந்து பால் கொடுப்பதையும், ஒரே இடுப்பில் பிள்ளையைத் தூக்கித் திரிவதையும் அதற்குக் காரணமாகச் சொல்லலாம். எழுந்து உட்கார்ந்தால் மட்டும் வருகிற தலைவலி சிலருக்கு வரும். வந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது.

இரண்டாவது பயம், கைகளைக் கட்டியது. இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. திட்டமிட்ட சிசேரியனில் விழித்திருக்கும் பெண்ணின் கைகளைக் கட்டாமலேயே பார்த்துக்கொள்ள முடியும். கை நீட்டுகிற பலகையில் வைத்துக்கொண்டால் போதும், துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் சரி. "கட்டாதீர்கள்" என்பதும் உங்கள் தாளில் ஒரு வரியாக இருக்கட்டும். சிறுநீர் டியூபை மரத்துப்போன பிறகு போடச் சொல்லுங்கள். இதைக் கேட்கலாம் என்றே பலருக்குத் தெரியாது. கணவரையோ அம்மாவையோ தியேட்டருக்குள் விடுவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் விடமாட்டார்கள். அப்படியானால் தலைமாட்டில் நிற்கிற ஒரு நர்ஸ் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். நடப்பது எதுவும் காதில் விழவே கூடாது என்பவர்களும் உண்டு. நீங்கள் எந்த ரகம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மேஜையில் திடீரென்று பயத்தைக் கிளப்புகிற சில விஷயங்களை முன்கூட்டியே சொல்கிறேன். மார்பு வரை மரத்துப்போனதும் மூச்சுவிடுவதே தெரியாது, மூச்சு நின்றுவிட்டதோ என்று தோன்றும். ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள். குரல் வந்தால் மூச்சு போய்க்கொண்டுதான் இருக்கிறது. பிரஷர் இறங்கினால் திடீரென்று குமட்டும், தலை கிறுகிறுக்கும். உடனே சொன்னால் டிரிப்பிலேயே மருந்து போடுவார்கள், ஓரிரு நிமிடத்தில் சரியாகும். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கும். அது பயத்தால் மட்டும் வருவதல்ல, மருந்தாலும் வரும். குழந்தை பெரும்பாலும் கத்தி வைத்த 10 நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடும். பழைய தழும்பு உள்ளே ஒட்டியிருந்தால் கொஞ்சம் கூடுதலாகலாம். மீதி அரைமணி, முக்கால் மணி எல்லாம் தையலுக்கு. "ஏன் இவ்வளவு நேரம், என்னமோ ஆகிவிட்டது" என்று அப்போது பதற வேண்டாம். அந்த நேரத்தில் குழந்தையை உங்கள் மார்பில் வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நீங்கள் அழுது எழுதியிருப்பது. மரணம். ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2018-20 கணக்கில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் என்ற கணக்கில் இறந்தார்கள். கடும் ரத்தப்போக்கு, ரத்தக்கொதிப்பு, இதயநோய், கிருமித்தொற்று என்று சிக்கலான நிலையில் வந்தவர்கள் எல்லாரும் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். ஆரோக்கியமாக இருந்து, நாள் குறித்து, வயிறு காய்ந்திருந்து, ரத்தம் ஏற்பாடு செய்துகொண்டு போகிற பெண்ணின் ஆபத்து அதைவிடக் குறைவு. இந்தப் பயத்துக்குப் பதில் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இருக்கிறது. மூன்று கேள்விகள் கேளுங்கள். என் ஹீமோகுளோபின் எவ்வளவு? ஸ்கேனில் நஞ்சுக்கொடி பழைய தழும்பின்மேல் இல்லாமல் தள்ளி இருக்கிறதா? ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? முதல் சிசேரியன் ஆனவர்களுக்கு இரண்டாவது கேள்வி மிக முக்கியம். நஞ்சு தழும்பில் ஒட்டியிருந்தால் பெரிய ரத்தப்போக்கு வரலாம். அது இல்லை என்று ஸ்கேன் சொன்னால் உங்கள் இரவு இரண்டு மணிப் பயத்தில் ஒரு பெரிய பாகம் இறங்கிவிடும்.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல நாள், நல்ல நேரம் என்று வீட்டில் பார்ப்பார்கள். 39 வாரம் முடிந்த பிறகுள்ள நாட்களில் பார்க்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. நட்சத்திரத்துக்காக அதற்கு முன்னால் இழுத்தால் நுரையீரலில் நீர் வடியாமல் குழந்தைக்கு மூச்சு வாங்கலாம், ஐசியூவில் வைக்க நேரலாம். மருத்துவக் காரணம் இருந்தால் அது வேறு கதை.

உங்கள் பயம் குழந்தையைப் பாதிக்குமா என்று கேட்டீர்கள். நெஞ்சு படபடக்கிற அந்தச் சில நிமிடங்கள் குழந்தையை ஒன்றும் செய்துவிடாது. அதை நினைத்து இன்னொரு பயத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடப் பிடிக்காமல் போனால் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் நிலை ஏறக்குறைய அங்கே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ இப்போதே பாருங்கள். பழைய பிரசவத்தின் அதிர்ச்சி மனதில் தங்கிவிடுவதற்கு நல்ல பேச்சு சிகிச்சை இருக்கிறது. மூன்று வாரத்திலும் பலன் தெரியலாம். தேவைப்பட்டால் கர்ப்பகாலத்தில் நீண்ட காலமாகக் கொடுத்துவரும் மாத்திரைகளும் உண்டு. இரவில் யாரும் இல்லாதபோது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள். சாகலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லிவிட்டு, அப்போதே அழையுங்கள்.

தூக்க மாத்திரை வேண்டாம். மருந்துக்கடையில் வாங்கியோ, மாமியாரின் அட்டையிலிருந்து ஒன்று எடுத்தோ போடவே கூடாது. பிரசவத்தை ஒட்டிப் போட்டால் குழந்தை மயங்கியபடி பிறந்து மூச்சுவிடவும் பால் குடிக்கவும் திணறலாம். ஆனால் மனநல மாத்திரை ஏதாவது ஏற்கெனவே சாப்பிட்டுவந்தால் பயந்து தானாக நிறுத்தாதீர்கள்.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு இறங்கும். காலை ஐந்து நிமிடம், இரவு ஐந்து நிமிடம், பயம் இல்லாத நேரத்திலும் பழகுங்கள். மூன்று வாரம் பழகினால் மேஜையில் படுத்ததும் உடம்பே அதைப் பிடித்துக்கொள்ளும். செல்போனில் சிசேரியன் வீடியோக்கள் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். பயமுறுத்துகிற கதை சொல்ல வருகிறவர்களைக் கணவர் வாசலிலேயே பேசி அனுப்பட்டும். அது அவர் வேலை.

உங்கள் மகளிடம், "அம்மா பாப்பாவைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நாலைந்து நாள் பாட்டியோடு இரு, தினமும் போனில் பேசுவேன்" என்று இப்போதே சொல்லிவைக்கலாம். அவளிடம் சொல்லும்போது உங்கள் மனமும் அதைக் கேட்கும்.

அந்தத் தாளை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கேஸ் ஷீட்டில் இருக்கட்டும், இன்னொன்று ஆஸ்பத்திரிப் பையில். குறித்த தேதிக்கு முன்பே இடுப்புவலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே கிளம்பிப் போங்கள். அன்று பணியில் யார் இருந்தாலும் முதலில் அவர்கள் கையில் அந்தத் தாளைக் கொடுங்கள்.