என் சம்மதம் இருந்தால் லண்டனில் 17 வயது மகளுக்கு உதட்டைத் தடிப்பாக்கும் ஃபில்லர் ஊசி போடலாமா?

முடியாது. இங்கிலாந்தில் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, 18 வயது நிறையாதவருக்கு அழகுக்காக, சுருக்கம் நீக்கும் போடாக்ஸ் ஊசியோ ஃபில்லரோ போடுவது குற்றம். அதற்கு முன்பதிவு செய்து கொடுப்பதும் குற்றமே. பெற்றோர் கையெழுத்திட்டாலும் செல்லாது. மருத்துவரின் முடிவுப்படி செய்யப்படும் சிகிச்சைக்கு மட்டுமே விலக்கு உண்டு. அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது.

"பெற்றவளுக்கு இல்லாத உரிமை அரசுக்கு எதற்கு?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2019-இல் நானும் இதையே கேட்டிருப்பேன். அப்போது என் மகளுக்கு 16 வயது. ஒரு வளைகாப்பில், "மேலுதடு கோடு போட்ட மாதிரி இருக்கிறதே" என்று உறவுக்காரப் பெண்மணி ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். அதன்பிறகு ஆறு மாதம் வீட்டில் அழுகையும் பிடிவாதமுமாகவே கழிந்தது. கடைசியில், முடிதிருத்தும் கடை ஒன்றின் மாடியிலிருந்த சிறிய அறைக்கு நானே அவளை அழைத்துச் சென்று, 'பாதுகாவலர்' என்றிருந்த இடத்தில் கையெழுத்திட்டேன்.

அன்றிரவு மேலுதட்டின் ஓரத்தில் சிறு நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்தது; விடிவதற்குள் அதைச் சுற்றி வலைபோல ஊதா நிறம் படர்ந்தது. ஃபில்லர் இரத்தக் குழாயை அடைத்திருந்தது. ஊசி போட்ட பெண் தொலைபேசியை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஃபில்லர் போட மருந்துச்சீட்டு வேண்டியதில்லை, ஆனால் அதைக் கரைக்கும் ஹயாலுரோனிடேஸ் மருந்துக்குச் சீட்டு வேண்டும். அதை வைத்திருந்த மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் மறுநாள் பிற்பகலாகிவிட்டது. உதடு தப்பியது, ஓரத்தில் மட்டும் ஒரு தழும்பு நின்றுவிட்டது.

"நல்ல இடமாகப் பார்த்திருக்க வேண்டும்" என்று இங்கே சிலர் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒப்புக்கொள்கிறேன். நான் அழகு நிலையங்களுக்கு எதிரியும் அல்ல, மாதம் தவறாமல் புருவம் திருத்திக்கொள்பவள்தான். ஆனால், அந்த ஆறு மாதத்தில் எனக்கு இல்லாமற்போனது நல்ல இடத்தின் முகவரி அல்ல, சாய்ந்து நிற்க ஒரு சட்டம். அவள் 15 வயதில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டபோது, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பச்சை குத்துவதை 1969-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளே தவிர, பேச்சு அன்றோடு முடிந்தது. உதட்டுக்கு அப்படிச் சொல்ல வழியில்லாததால், அவள் கண்ணில் தடையாக நின்றவள் நான் ஒருத்திதான். எனவே நீங்கள் பறிபோனதாக நினைக்கும் உரிமையை நான் உரிமையாகவே கருதவில்லை. அது என் தலையில் சுமத்தப்பட்ட பாரம்.

பின்னர் 19 வயதில் அவள் இடது மணிக்கட்டில் பட்டாம்பூச்சி ஒன்றைப் பச்சை குத்திக்கொண்டாள். அதற்கு என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை.