முட்டை எடுக்கும் ஊசியை மாற்றினால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 36. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனையில் 0.6 என்று குறைவாக ரிப்போர்ட் வந்தது. முதல் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) முயற்சியில் ஐந்து ஃபாலிக்கிள் (முட்டை வளரும் திரவப் பை) ஸ்கேனில் தெரிந்தன. முட்டை எடுக்கும் நாளன்று ஒன்று ஏற்கெனவே வெடித்துவிட்டது என்றார்கள். கிடைத்தவை இரண்டே முட்டைகள். உருவான ஒரே கருவும் தங்கவில்லை. ஃபாலிக்கிளைத் திரவம் விட்டுக் கழுவி எடுக்கும் இரட்டைக் குழாய் ஊசி இருக்கிறதாமே, அதில் எடுத்திருந்தால் மற்ற முட்டைகளும் கிடைத்திருக்குமா?

பதில்: இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். சந்தேகம் நியாயமானதுதான். 18 மில்லிமீட்டர் வளர்ந்த ஒரு ஃபாலிக்கிளில் சுமார் 3 மில்லி திரவம் இருக்கும். அதற்குள் இருக்கும் முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். உறிஞ்சும்போது ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடாதா? பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி ஊற்றுவதுபோல இதையும் அலசினால் என்ன?

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கழுவியும் மற்றதற்குக் கழுவாமலும் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை. முட்டை குறைவாக வரும் பெண்களிடம் செய்த ஆய்வுகளும் இதில் அடக்கம். கூடியது மயக்கத்தில் இருக்கும் நேரம்தான். ஒன்றிரண்டு ஃபாலிக்கிள் மட்டுமே இருக்கும்போது, முதல் உறிஞ்சலில் முட்டை வராவிட்டால் கழுவிப் பார்க்கும் மருத்துவர்கள் உண்டு. நான் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அதனால் கேட்டுப் பாருங்கள், மறுத்தால் வருந்த வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி: ஒன்று ஏற்கெனவே வெடித்துவிட்டது என்பது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முட்டை எடுப்பதற்கு முன்பு ஒரு ட்ரிகர் ஊசி போட்டிருப்பார்கள். முட்டை கடைசிக் கட்ட முதிர்ச்சி அடைவதும், ஃபாலிக்கிளின் சுவரிலிருந்து தளர்ந்து விடுபடுவதும் அந்த ஊசிக்குப் பிறகுதான். அதனால் பொதுவாக 34 முதல் 36 மணி நேரம் கழித்து எடுப்போம். ரொம்ப முந்தினால் முட்டை சுவரை விட்டு வராது, வந்தாலும் முதிராமல் இருக்கும். பிந்தினால் ஃபாலிக்கிள் வெடித்து முட்டை வயிற்றுக்குள் போய்விடும். முட்டை இருப்பு குறைந்த பெண்களில் சிலருக்கு ஃபாலிக்கிள் வேகமாக வளரும், முட்டை வெளியேறத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோனும் நாம் எதிர்பார்ப்பதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிடும். பத்து முட்டை வரும் பெண்ணுக்கு ஒன்று தவறினால் கணக்கில் தெரியாது. உங்களுக்கு அது ஐந்தில் ஒன்று.

ஆகவே அன்றைய குறிப்பின் நகலை வாங்கிப் பாருங்கள். ட்ரிகர் எத்தனை மணிக்குப் போட்டார்கள் (வீட்டில் நீங்களே போட்டிருந்தால் சரியான நேரம் உங்களுக்குத்தான் தெரியும்), முட்டையை எத்தனை மணிக்கு எடுத்தார்கள், ட்ரிகர் நாளில் எல்.ஹெச். எவ்வளவு, ஒவ்வொரு ஃபாலிக்கிளும் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் அதில் இருக்கும். 10, 12 மில்லிமீட்டர் அளவுள்ளவற்றிலிருந்து முதிர்ந்த முட்டை கிடைப்பது அரிது. ஐந்தில் இரண்டு அப்படிப்பட்டவை என்றால், கிடைத்த இரண்டு முட்டை மோசமான கணக்கே இல்லை.

அடுத்த முறைக்கு மருத்துவர் சில மாற்றங்களைச் செய்யலாம். எல்.ஹெச். ஏறாமல் தடுக்கும் ஊசியைச் சற்று முன்னதாகத் தொடங்கலாம், ஸ்கேனை நெருக்கமாக வைக்கலாம், இரண்டு வகை மருந்தைச் சேர்த்து ட்ரிகர் கொடுக்கலாம். ஃபாலிக்கிளை வளர்க்கும் ஊசி மருந்தின் அளவைக் கூட்டுவதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த மாதம் வளரத் தயாராக நிற்கும் ஃபாலிக்கிள்களைத்தான் ஊசி வளர்த்துவிடும், இல்லாததை உண்டாக்காது. ஒரு நாளைக்கு 300 யூனிட்டைத் தாண்டினால் பெரும்பாலும் செலவுதான் கூடும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒருமுறை முட்டை எடுத்த சில நாட்களிலேயே, மாதவிடாய்க்குக் காத்திருக்காமல் மறுபடி ஊசி தொடங்கி, அதே சுழற்சியில் இரண்டாவது முறையும் எடுப்பது. டியோஸ்டிம் என்பார்கள். கருக்களை உறையவைத்து, பிறகு ஒரு மாதத்தில் கருப்பையில் வைப்பார்கள். தனித்தனியாக இரண்டு முறை எடுப்பதைவிட இதில் பலன் அதிகம் என்று சொல்ல முடியாது, ஆனால் காலம் மிச்சமாகும். 36 வயதில் அது சின்ன விஷயமில்லை.

ஏ.எம்.ஹெச். முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் காட்டும். தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. ஒரே முட்டையிலிருந்தும் குழந்தை பிறக்கலாம். 1978-ல் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், ஊக்க ஊசி எதுவும் போடாத சுழற்சியில், லேப்ரோஸ்கோப் வழியாக எடுத்த ஒற்றை முட்டையிலிருந்து வந்தவர்.

அப்புறம், யாரோ சொன்னார்கள் என்று டி.ஹெச்.இ.ஏ. என்ற ஹார்மோன் மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். முகப்பருவும் முகத்தில் முடியும் வரலாம். சினைப்பையில் பி.ஆர்.பி. ஊசி (உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் நிறைந்த திரவம்) போடச் சொன்னால், அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்த முறை முட்டை எடுத்த பிறகு ஓரிரு நாள் லேசான உதிரப்போக்கும் அடிவயிற்று வலியும் இருந்தால் பயப்பட வேண்டாம். காய்ச்சல், தாங்க முடியாத வலி, தலைசுற்றல் இருந்தால் இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.