'டாக் அபவுட்' சரியென்றால் 'டிஸ்கஸ் அபவுட்' ஏன் தவறு?

பெங்களூரு அலுவலகக் கூட்டங்களில் அன்றாடம் ஒலிக்கும் 'டிஸ்கஸ் அபவுட் இட்' என்பதை உங்கள் மேலாளர் திருத்தியதாகவும், 'டாக் அபவுட்' மட்டும் எப்படிச் சரியாகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எந்த வினை எந்த முன்னிடைச்சொல்லை ஏற்கும் என்பதைப் பொருளை மட்டும் வைத்து ஊகிக்க இயலாது. 'டிஸ்கஸ்' செயப்படுபொருளை நேரடியாக ஏற்கிறது. 'டாக்' பொதுவாக அவ்வாறு ஏற்காததால் அதற்கு 'அபவுட்' வேண்டியிருக்கிறது. நாம் 'பற்றி'யையும், உடன் பணிபுரியும் கன்னடர்கள் 'பக்கெ'யையும் மனத்தில் கொண்டு பேசுவதால், இப்பிழை இரு தரப்பிலும் எளிதில் நிலைத்துவிடுகிறது. 'மேரீட் டு' என்பது 'மேரீட் வித்' ஆவதும் இப்படித்தான்.

இதைவிடச் சுவையானது, ஒரே தொடர் இரு அமைப்புகளாக நிற்பது. 'ஷி டிசைடட் ஆன் த ட்ரெயின்' என்றால், விமானத்தை விடுத்து ரயிலைத் தேர்ந்தெடுத்தாள் என்றும், ரயிலில் இருக்கும்போது முடிவெடுத்தாள் என்றும் கொள்ளலாம். முதல் பொருளில் 'ஆன்' வினையோடு ஒட்டியது. இரண்டாவதில் 'ஆன் த ட்ரெயின்' முழுவதும் இடத்தைச் சொல்லும் தனித்தொடர். அதை வாக்கியத்தின் தொடக்கத்துக்கு நகர்த்திப் பார்த்தால், இயல்பாக இரண்டாம் பொருளே எஞ்சும்.

'வெயிட் ஃபார் த பஸ் அட் சில்க் போர்டு' என்பதில் 'ஃபார்' வினை கேட்பது, 'அட்' இடத்துக்கு உரியது, நிறுத்தம் மாறினால் அத்தொடரும் மாறும் (காத்திருப்பு மாறாது!). ஆகவே வினையை அதன் இடைச்சொல்லுடன் சேர்த்தே மனனம் செய்யுங்கள். மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகள் இச்சேர்க்கைகளைப் பெரும்பாலும் தடித்த எழுத்தில் காட்டுகின்றன.