வீட்டு கேக் தொழில்: சேலம், ஏற்காடு வாசகிகள் கேட்டவை

ஒரு கிலோ சாக்லேட் கேக்கை 700 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். ஆர்டருக்குக் குறைவில்லை. ஆனாலும் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லையே? (அம்மாபேட்டை)

நீங்கள் அனுப்பிய கணக்கில் மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, சாக்லேட் இருக்கின்றன. அட்டைப்பெட்டி, கேக் போர்டு, கரன்ட், பெட்ரோல் எங்கே? எல்லாவற்றுக்கும் மேலாக, மாவு சலிப்பதில் தொடங்கிப் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை உங்கள் நேரம் எங்கே?

உதாரணத்துக்குச் சரக்கு 400, பெட்டி முதல் பெட்ரோல் வரை 100 என்று வைப்போம். உங்கள் வேலை 3 மணி நேரம், மணிக்கு 80 ரூபாய் என்றால் 240. மொத்தம் 740. அப்படியானால் கேக் வாங்க வருகிறவருக்கு உங்கள் கூலியிலிருந்து 40 ரூபாய் எடுத்துக் கொடுத்து அனுப்புகிறீர்கள். டெலிவரிக்குப் போகும் கணவர், பெட்டி மடிக்கும் மகள் இவர்களின் நேரம் இதில் சேரவே இல்லை. வீட்டு ஆள்தானே என்று எழுதாமல் விட்ட உழைப்புதான் பல வீடுகளில் கையைக் கடிக்கிறது. கருகிப்போகும் கேக்குக்கும் கொஞ்சம் ஒதுக்கி, 850க்குக் குறையாமல் சொல்லுங்கள். சிலர் போகத்தான் செய்வார்கள், போகட்டும். ருசிக்காக வருகிறவர்கள் நிற்பார்கள்.

சேலத்தில் அம்மா வீட்டில் அருமையாக வந்த ஸ்பாஞ்ச், கல்யாணமாகி ஏற்காடு வந்ததும் பொங்கிப் பொங்கி நடுவில் குழிந்துவிடுகிறது. ஓவன் கெட்டுவிட்டதா?

ஓவனைக் குறை சொல்லாதீர்கள், அதே அளவுகளை மலைக்குக் கொண்டுபோனதுதான் காரணம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அதிகமாக விரிகிறது. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே கேக் உயரத் தூக்கிவிடும், பிறகு தாங்க ஆளில்லாமல் உட்கார்ந்துவிடும். தண்ணீரும் அங்கே 95 டிகிரியிலேயே கொதிப்பதால் ஈரம் சீக்கிரம் போய்விடுகிறது.

ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடும் இடத்தில் முக்கால் போடுங்கள். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் குறையுங்கள், ஒரு கப் பாலுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள். ஓவன் சூட்டை 10 டிகிரி ஏற்றி, டின்னில் பாதி அளவுக்கே மாவு ஊற்றுங்கள். முட்டையை விறைப்பாக நிற்கும்வரை அடிக்க வேண்டாம். இவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் முதலில் பேக்கிங் பவுடர், அப்புறம் மற்றவை என்று போங்கள். எது கைகொடுத்தது என்று அப்போதுதான் தெரியும். பனிமூட்ட நாளில் மைதா ஈரம் இழுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, சலித்தே எடுங்கள்.

சேலம் ஆர்டர் என்றால் க்ரீம் பூசிய அடுக்கு கேக்கை 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்காதீர்கள். ஸ்பாஞ்சை மட்டும் கொண்டுவந்து அம்மா வீட்டில் வைத்துப் பூசுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் க்ரீம் வழிகிறது. (சூரமங்கலம்)

அந்த வெயிலுக்கு வெண்ணெய் க்ரீம் நிற்காது. அதற்கு ஆர்டரே எடுக்காதீர்கள். டிரை கேக், பிரவுனி, பிஸ்கட் என்று பட்டியலை மாற்றுங்கள். க்ரீம் கேக் தந்தே ஆக வேண்டுமென்றால் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலை ஒன்பதுக்குள் தெர்மகோல் பெட்டியில் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில்தானே செய்கிறேன், லைசென்ஸ் எதற்கு?

விற்றால் பதிவு வேண்டும். சிறு தொழிலுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் அச்சிடுங்கள். கேஸ் அடுப்பில் செய்பவர்கள் கவனிக்க: வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்கு எரிப்பது விதிமீறல். 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்கி, அதன் செலவையும் விலையில் சேருங்கள்.

சொந்தக்காரர்கள் காசு கொடுப்பதில்லை. கேட்டால் மாமியார் வருத்தப்படுகிறார். (கன்னங்குறிச்சி)

மாமியாரையே கணக்குக்குள் கொண்டுவாருங்கள். காலையிலிருந்து உங்களோடு ஓவன் பக்கத்தில் நிற்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்? மாதம் பிறந்ததும் அவர் பங்கை அவர் கையிலேயே கொடுங்கள். மாதத்துக்கு இத்தனை கேக்தான் இனாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து, ஒவ்வொன்றையும் முழு விலையோடு நோட்டில் எழுதுங்கள். அதற்கு மேல் சித்தி கேட்டாலும் சரி, நாத்தனார் கேட்டாலும் சரி, பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகே மாவு சலிக்க வேண்டும். அதை மாமியாரே சொல்லட்டும்.