தூக்கிப்போட்ட நாற்காலியில என்ன இருக்கு? கேள்வி பதில்

வணக்கம் மக்களே. உடைஞ்ச நாற்காலி, டிராயர், கட்டில் சட்டம்னு யாரோ வேணாம்னு விட்டதை எடுத்து வச்சு சிற்பமும் சுவர்ல மாட்டுற கலைப்பொருளும் பண்றது பதினாறு வருஷமா என் பொழப்பு. எப்படிச் செய்றீங்கன்னு கேக்குறவங்களை விட ஐடியா எங்கிருந்து வருதுன்னு கேக்குறவங்கதான் அதிகம், இன்னிக்கு அதுக்காகவே உக்காந்திருக்கேன். வந்த கேள்வியெல்லாம் கீழ, ஒண்ணொண்ணா சொல்றேன்.

கேள்வி: அக்கா, உடைஞ்ச நாற்காலியைப் பாத்தா எனக்கு உடைஞ்ச நாற்காலி மட்டும்தான் தெரியுது. உங்களுக்கு மட்டும் எப்படி வேற ஏதோ தெரியுது?

எனக்கும் முதல்ல உடைஞ்ச நாற்காலிதான் தெரியும் தம்பி. ஆனா நான் அங்கேயே பத்து நிமிஷம் நிப்பேன், வித்தியாசம் அவ்ளோதான். இதை வச்சு என்ன செய்யலாம்னு யோசிச்சுக்கிட்டே பாத்தீங்கன்னா கண்ணு வேலை செய்யாது, மூளை உடனே "விளக்கு ஸ்டாண்ட், பூத்தொட்டி ஸ்டாண்ட்"னு ஏற்கனவே பாத்ததையே எடுத்து நீட்டும். அதனால பாக்குறப்ப ஒரே வேலை வச்சுக்கோங்க, எங்கெங்க மனுஷன் கை கால் பட்டிருக்குன்னு தேடுங்க.

ஒரு நாற்காலி சொல்றேன். சாய்மானத்தோட மேல்கட்டை நடுவுல வார்னிஷ் போயி கருத்துப்போய் வழவழன்னு இருந்துச்சு, அது கை புடிச்சு இழுத்த இடம். கைப்பிடி ரெண்டுல இடதுதான் நல்லா தேஞ்சிருந்துச்சு, வலது கிட்டத்தட்ட புதுசு. முன்னாடி ரெண்டு காலையும் சேக்குற குறுக்குக்கட்டையில நடுப்பகுதி பள்ளமா குழிஞ்சு கிடந்துச்சு, வருஷக்கணக்கா ஒருத்தர் காலைத் தூக்கி அதுமேல வச்சு உக்காந்திருந்தா மட்டும்தான் அப்படி ஆகும். அப்போ அது சாப்பாட்டு மேஜை நாற்காலி இல்ல, யாரோ இடது முழங்கையை ஊனிக்கிட்டு வலது கையால ரொம்ப நாள் எழுதவோ தைக்கவோ செஞ்ச நாற்காலி. அந்தக் குழிஞ்ச கட்டையை மட்டும் கழட்டி எடுத்து, வேற எதுவும் சேக்காம ஒரு பெட்டிக்குள்ள படுக்க வச்சேன். நான் செஞ்சதுலயே எனக்குப் புடிச்ச வேலை அதுதான்.

கை பட்ட இடம் எது, யாருமே தொடாத இடம் எது, முதல்ல விட்டுப்போனது எது. இந்த மூணையும் தேடுங்க, போதும்.

கேள்வி: இதெல்லாம் கைவேலை தானே, பெரிய ஓவியர் சிற்பி யாராவது இப்படி பண்ணிருக்காங்களா?

நிறைய பேர் பண்ணிருக்காங்க. பிக்காசோ 1942ல சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேத்து வச்சு காளைத்தலை ஆக்கினாரு. ரெண்டே பொருள், ஆனா பாத்த உடனே காளைன்னு தெரியும், அதே நேரம் சைக்கிளும் கண்ணை விட்டுப் போகாது. ஜெர்மனியில குர்ட் ஷ்விட்டர்ஸ் டிக்கெட், மரத்துண்டு, கிழிஞ்ச காகிதம்னு குப்பையில கிடந்ததையெல்லாம் ஒட்டிப் படம் பண்ணவரு. தன் மொத்த வேலைக்கும் அவர் வச்ச "மெர்ஸ்"ங்கிற பேரே, அவர் வெட்டி ஒட்டின ஒரு விளம்பரத்துல "கொமெர்ஸ்"ங்கிற வார்த்தை பாதி வெட்டுப்பட்டதுல மிஞ்சினதுதான், பேரையும் குப்பையிலருந்துதான் பொறுக்கினாரு! ராபர்ட் ரவுஷன்பர்க் 1955ல தலையணை, போர்வை எல்லாம் வச்சு அதுமேல பெயின்ட் அடிச்சு சுவர்ல மாட்டினாரு, "படுக்கை"ன்னே பேரு.

ஆனா நீங்க தேடிப் பாக்கணும்னா லூயிஸ் நெவெல்சனைப் பாருங்க. நியூயார்க் தெருவுல கிடந்த மரத்துண்டு, நாற்காலிக் கால், படிக்கட்டுக் கைப்பிடித் தூண் இதையெல்லாம் பொறுக்கி, பெட்டி பெட்டியா அடுக்கி, சுவர் உசரத்துக்கு நிறுத்தி, மொத்தத்துக்கும் ஒரே கருப்பு அடிச்சாங்க. 1958ல செஞ்ச "ஸ்கை கதீட்ரல்" அப்போ அவங்களுக்கு வயசு அறுபதை நெருங்கிடுச்சு. ஒரே கலர் அடிச்சதுனால இது தேக்கு இது பலாங்கிற பேச்சே அடிபட்டுப்போய் உருவமும் நிழலும் மட்டும் மிஞ்சுது. சின்னதா நீங்களே செஞ்சு பாக்கலாம், ஒரு அட்டைப்பெட்டியில அஞ்சாறு மரத்துண்டை அடுக்கி பளபளப்பு இல்லாத கருப்பு அடிச்சு ஜன்னல் பக்கத்துல வைங்க, காலையிலயும் சாயங்காலமும் பாருங்க. ரெண்டு வேளையும் ரெண்டு வேற சிற்பம் மாதிரி இருக்கும்.

இன்னொண்ணும் சொல்லாம விட மனசு வரல. 2003ல இஸ்தான்புல்ல டோரிஸ் சால்செடோங்கிற கொலம்பியச் சிற்பி ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல இருந்த காலி இடத்துல 1,550 மரநாற்காலியைக் குவிச்சு அடைச்சாங்க. முன்பக்கம் கட்டடச் சுவரோட சமமா நின்னுச்சு, பின்னாடி கோணல்மாணலா ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக் கிடந்துச்சு. நாற்காலியைப் பாத்தாலே அதுல உக்கார வேண்டிய ஆளு எங்கன்னு மனசு தேடும், காலி நாற்காலிக்கு மட்டும் இருக்குற சக்தி அது. அங்க 1,550 தடவை தேடிருக்கும்.

கேள்வி: நான் கதை எழுதுறவன், ஆணி அடிக்கக்கூட தெரியாது. எனக்கு இதுல என்ன இருக்கு?

உங்களுக்குத்தான் அதிகமா இருக்கு சார். ஒரு டிராயரை முழுசா வெளிய உருவி கவுத்துப் பாருங்க, யாரும் பாக்காத பக்கம் அது. எனக்குக் கிடைச்ச ஒண்ணுல பின்பலகையில ஆசாரி பென்சில்ல "3"ன்னு எழுதி வச்சிருந்தாரு, மூணாவது டிராயர் மூணாவது குழிக்குத்தான் சரியா உக்காரும்னு ஒரு அடையாளம். உள்ள இங்க் பாட்டில் வச்ச வட்டக்கறை, அது பக்கத்துலயே இன்னொரு வட்டம், மூலையில ஒடிஞ்ச பென்சில் முனை, ஓரத்துல ஸ்டிக்கரை ஒட்டி நகத்தால சுரண்டின தடம். முதல்ல பெரியவங்க டிராயர், அப்புறம் ஒரு குழந்தை கைக்கு வந்திருக்கு, இல்லையா? இதை யாரும் எனக்குச் சொல்லல, பலகைதான் சொல்லுச்சு.

இப்படி ஒண்ணைப் பாத்து ஒரு பக்கம் எழுதுங்க, ஆனா அந்த ஆளோட சோகம் சந்தோஷம் எதையும் எழுதாதீங்க, கறையையும் கீறலையும் மட்டும் எழுதுங்க. ஆளு தானா வந்து நிப்பாரு.

டெஜோ ரெமின்னு டச்சுக்காரர் 1991ல வெவ்வேற இடத்துல கிடந்த பழைய டிராயரையெல்லாம் சேத்து, ஒவ்வொண்ணுக்கும் புதுசா மரக்கூடு செஞ்சு, எல்லாத்தையும் கோணல்மாணலா அடுக்கி ஒரே பட்டையால இறுக்கிக் கட்டிட்டாரு, அலமாரியே இல்லாத அலமாரி. கதையில வர்ற ஞாபகங்களும் பெரும்பாலும் அப்படித்தான் அடுக்கியிருக்கும், அதனாலதான் உங்ககிட்ட இதைச் சொல்றேன்.

கேள்வி: போன்ல ரெண்டாயிரம் போட்டோ இருக்கு, துருப்பிடிச்ச கேட்டு, பேந்த பெயின்ட், கிழிஞ்ச சோபா... ஆனா ஒண்ணும் செஞ்சதில்ல.

போட்டோ எடுத்த உடனே மனசு "வேலை முடிஞ்சுது"ன்னு நினைச்சுக்குது, அதுதான் சிக்கல். ஒரு வாரம் போன்ல எடுக்காம வரைஞ்சு பாருங்க. நல்லா வரணும்னே இல்ல. சாய்மானத்துல எத்தனை பட்டை இருக்குன்னு போட்டோ எடுக்குறவங்க எண்ண மாட்டாங்க, வரையிறவங்க எண்ணித்தான் ஆகணும், எண்ணுறப்பதான் ஆறுல ஒண்ணு மட்டும் வேற மரம், பின்னாடி யாரோ மாத்திருக்காங்கன்னு கண்ணுல படும்.

அப்புறம் நாள் கணக்கு வைங்க. மார்ட்டினோ காம்பர்னு ஒரு டிசைனர், லண்டன் தெருவுலயும் தெரிஞ்சவங்க வீட்டுலயும் கிடைச்ச பழைய நாற்காலிகளைப் பிரிச்சு மாத்திச் சேத்து நூறு நாளுல நூறு நாற்காலி செஞ்சு 2007ல காட்சிக்கு வச்சாரு. நாளுக்கு ஒண்ணுன்னு ஆனதுக்கப்புறம் சரியா வருமா வராதான்னு யோசிக்க நேரமே இருக்காது. உங்களுக்கு நூறு வேணாம், ரெண்டாயிரத்துல அஞ்சைப் பிரின்ட் போட்டு சுவர்ல ஒட்டுங்க, மீதியை ஒரு மாசம் திறக்காதீங்க.

கேள்வி: எடுத்துட்டு வந்தா பூச்சி கீச்சி வராதா? பயமா இருக்கு.

பயம் நியாயம்தான். மெத்தை, குஷன் வச்ச சோபா இதையெல்லாம் நான் எடுக்கவே மாட்டேன், எவ்ளோ அழகா இருந்தாலும். மூட்டைப்பூச்சி மாசக்கணக்கா இரை இல்லாம உயிரோட இருக்கும், காலியாக் கிடந்த சாமான்தானேன்னு நம்பிடாதீங்க. மரச்சாமானா இருந்தா கவுத்துப் போட்டு டார்ச் அடிச்சு மூட்டு இடுக்கு, ஸ்க்ரூ ஓட்டை, டிராயர் ஓடுற தடம் எல்லாம் பாருங்க, கருப்புப் புள்ளி புள்ளியா இருந்தா விட்டுட்டு வந்துடுங்க. தட்டினா மாவு மாதிரி கொட்டுதுன்னா உளுத்த மரம், அதுவும் வேணாம்.

பூச்சியை விட எனக்கு பெயின்ட்தான் பயம். ரொம்பப் பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அமெரிக்காவுலயே வீட்டு உபயோக பெயின்ட்ல அதைத் தடை பண்ணது 1978லதான். அதனால அடுக்கு அடுக்கா உரியிற பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டு வறட்டுத்தேய்ப்பு தேய்க்கவே கூடாது, தூசி மூச்சுல போயிடும். வீட்டுல சின்னக் குழந்தையோ கர்ப்பமா இருக்குறவங்களோ இருந்தா அந்தச் சாமானை உள்ளயே கொண்டு வராதீங்க, வரைஞ்சுட்டு வந்தா போதும்.

சரக்கு அனுப்புற மரப் பேலட் எடுக்குறவங்களுக்கு ஒரு வரி: முத்திரையில HTன்னு இருந்தா சூடு காட்டிப் பதப்படுத்தினது, எடுக்கலாம். MBன்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்கிற பூச்சிக்கொல்லி வாயு அடிச்சது, தொடாதீங்க.

கேள்வி: எடுத்ததும் நல்லாத் தேச்சு வெள்ளை பெயின்ட் அடிச்சா சூப்பரா இருக்குமே?

சூப்பராத்தான் இருக்கும், கடையில வாங்கினது மாதிரி. அப்போ பழசை எதுக்கு எடுத்தீங்க? வெயில்ல கிடந்த மரம் சாம்பல் கலர் ஆகுறது, வெயில்ல இருக்குற புறஊதாக் கதிர் மரத்துல இருக்குற லிக்னின்ங்கிற பொருளைச் சிதைக்க, மழை அதைக் கழுவிக் கொண்டுபோக, கொஞ்சம் கொஞ்சமா நடக்குற வேலை. அந்தச் சாம்பல் படலம் ரொம்ப மெல்லிசு, ரெண்டு இழுப்பு இழுத்தா போயிடும், நீங்க நினைச்சாலும் திரும்ப வராது. முதல்ல ஈரத்துணியால துடைங்க, ஒரு வாரம் சும்மா வைங்க. அப்பவும் தேய்க்கணும்னு தோணுச்சுன்னா அடிப்பக்கம் ஒரு மூலையில மட்டும் தேச்சுப் பாருங்க.

கேள்வி: ஒத்தை ரூம்ல இருக்கேன் அக்கா, சாமான் கொண்டு வர இடமே இல்ல.

கொண்டு வரவே வேணாம்மா. சுவர்க் கறையைப் பாருங்கன்னு லியனார்டோ டாவின்சியே தன் குறிப்புல எழுதி வச்சிருக்காரு, கறை படிஞ்ச சுவரை உத்துப் பாத்தா மலை, ஆறு, சண்டை, முகம்னு எல்லாம் தெரியும்னு. நம்ம மூளை எதுலயும் முகத்தைத் தேடுற பழக்கம் உள்ளது, ரெண்டு ஸ்க்ரூவும் கீழ ஒரு கீறலும் இருந்தா போதும். அமெரிக்க போட்டோகிராபர் ஆரன் சிஸ்கிண்ட் பேந்த பெயின்ட்டையும் கிழிஞ்ச போஸ்டரையும் கிட்டப் போய் எடுத்ததைப் பாத்தா ஓவியமா போட்டோவான்னு சந்தேகம் வரும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது ரிப்பேர் பண்ண சாமான். கால் உடைஞ்ச மேஜைக்குக் கீழ செங்கல், விரிஞ்ச பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பியால தையல் போட்டது, கதவு ஆடாம இருக்க மடிச்சுச் சொருகின அட்டை. கையில இருந்ததை வச்சு ஒருத்தர் அந்த நிமிஷம் கண்டுபுடிச்ச தீர்வு அது, அழகா இருக்கணும்னு யாரும் செஞ்சதில்ல, ஆனா எவ்ளோ அழகு! ஒரு சின்ன நோட்டு வச்சு, பாக்குற ரிப்பேரை மட்டும் வரைஞ்சுக்கிட்டே வாங்க.

கேள்வி: வாசல்ல கிடந்தா எடுத்துக்கலாமா, திருட்டு ஆகாதா?

கேட்டுட்டு எடுங்க. கேட்டா கதையும் சேத்துக் கிடைக்கும்.

கேள்வி: வீட்டுல எல்லாரும் திட்டுறாங்க, பழைய சாமான் குடோன் ஆயிடுச்சாம்.

அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அவங்க நடக்குற இடம்தானே. முழு நாற்காலியா கொண்டு வராதீங்க, வேண்டிய துண்டை மட்டும் கழட்டி எடுங்க. ஒரு பெட்டி, அது ரொம்பினா ஒண்ணு வெளிய போனாத்தான் இன்னொண்ணு உள்ள. ஆறு மாசமா கை வைக்காததை, இன்னும் உழைக்குற நிலையில இருந்தா, யாருக்காவது குடுத்துடுங்க. நானே அப்படிக் குடுத்த ஒரு அலமாரிக் கதவு வேற ஒருத்தர் கையில புத்தக அலமாரியா நிக்குது, அதைப் பாத்தப்போ அவ்ளோ சந்தோஷம்.

கேள்வி: நேத்து மூணு கால் உள்ள ஸ்டூல் ஒண்ணு கிடைச்சுது, நாலாவது கால் காணோம். என்ன செய்யலாம்?

கால் இருந்த துளையை முதல்ல பாருங்க. துளை சுத்தமா காலியா இருந்தா பசை விட்டுக் கழண்டு விழுந்திருக்கு, யாரோ அதைத் தொலைச்சிருக்காங்க. கழுந்து, அதாவது துளைக்குள்ள சொருகுற கால் நுனி, ஒடிஞ்சு துளைக்குள்ளயே மாட்டிக்கிட்டு இருந்தா யாரோ அந்தப் பக்கமா சாஞ்சு சாஞ்சு ஆடிருக்காங்க. ரெண்டும் வேற வேற ஸ்டூல், செய்ற வேலையும் வேற வேறயா வரும். நாலாவது காலை இப்பவே செஞ்சு மாட்டிடாதீங்க, சுவரோரமா சாச்சு வச்சு சாயங்கால வெளிச்சத்துல நிழல் எப்படி விழுதுன்னு ஒரு தடவை வரைஞ்சுக்கோங்க. மீதி மூணு கால்ல எது அடியில அதிகமா தேஞ்சிருக்குன்னும் பாத்து எழுதுங்க, மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.